குளிர்ந்தது சென்சார், கனன்றது மூடி

வானத்தை அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்க வாங்கிய அந்தக் கேமராவை ஐந்து வாரம் திட்டினேன். உள்ளே இருக்கும் பெல்டியர் என்னும் மின் குளிர்விப்பானைத் திட்டினேன், மின்கலத்தைத் திட்டினேன், அதை எனக்கு விற்ற பழைய ஆய்வகக் கருவி வியாபாரியை மனத்துக்குள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன். கடைசியில் அகப்பட்ட குற்றவாளி, கேமராவின் வாயில் நானே மாட்டிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி. உடந்தையாக இருந்தது, பனி படியக் கூடாது என்று நானே சுற்றிவைத்த ஹீட்டர் பட்டை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. இரவில் மொட்டை மாடியில் ஒரு நியூட்டோனியன் தொலைநோக்கி: 200 மி.மீ. விட்டம், 800 மி.மீ. குவியத் தூரம். பத்து ஆண்டுகளாகக் குளிரூட்டிய சாதாரண சிலிக்கான் கேமராவில் நெபுலாக்கள் என்னும் விண் மேகங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குறை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. சிலிக்கானுக்கு 1.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்கு மேல் கண் கிடையாது. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானை அசைக்கத் தேவையான ஆற்றல், 1.12 எலக்ட்ரான் வோல்ட். அலைநீளம் கூடக் கூட ஒளித்துகளின் ஆற்றல் குறையும்; அதைவிட ஆற்றல் குறைந்த ஒளித்துகள் வந்தால் எலக்ட்ரான் அசைவதில்லை. ஒளி ஜன்னல் கண்ணாடிக்குள் போவது போல உள்ளே புகுந்து மறுபுறம் போய்விடும். தூசு மேகத்துக்குப் பின்னால் இருக்கும் விண்மீன்களோ அதற்கு மேலான அலைநீளங்களில்தான் நன்றாக வெளியே தெரிகின்றன.

1.7 மைக்ரான் வரை பார்ப்பது இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சார். தொழிற்சாலைகளில் சிலிக்கான் தகடுகளைச் சோதிக்கவும், பழங்களில் அடிபட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். புதிதாக வாங்கினால் ஒரு நல்ல காரின் விலை. நான் வாங்கியது பழையது: 640 × 512 பிக்சல், ஒவ்வொன்றும் 15 மைக்ரான், பெல்டியர் குளிர்விப்பு. என் தொலைநோக்கியில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 3.9 விகலை வருகிறது (டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). இன்றைய கைப்பேசிப் படத்தோடு ஒப்பிட்டால் பரிதாபமான நுணுக்கம்தான். ஆனால் நான் தேடியது அழகான படத்தை அல்ல.

வாங்க நினைப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இவ்வகை சென்சார்களில் செத்த பிக்சல் நூற்றுக்கு ஒன்று இருந்தாலும் அதைக் குறை என்று யாரும் ஏற்க மாட்டார்கள். நூற்றுக்கு ஒன்று என்றால் இந்த அளவில் மூவாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்தி எடுக்காவிட்டால் அந்த மூவாயிரமும் போலி விண்மீன்களாகப் படத்தில் குடியேறிவிடும்.

முதல் இரவு எதுவுமே சரியாக வரவில்லை. படம் சதுரம் சதுரமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. காரணம் எளிது. தொழிற்சாலைக் கேமரா தன் பிக்சல்களைச் சமப்படுத்தும் ஒரு திருத்த அட்டவணையை உள்ளேயே வைத்திருக்கிறது. அது சில மில்லி விநாடிப் படங்களுக்காகத் தயாரித்தது. பத்து விநாடி திறந்துவைக்கும் எனக்கு அது திருத்தம் அல்ல, கெடுதல். அதையும் தானியங்கிப் பெருக்கத்தையும் அணைத்துவிட்டு, திருத்தாத மூலத் தரவை மட்டும் எடுக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது தொல்லை உறைபனி. −15 டிகிரிக்குக் கீழே போனதும் படத்தின் நடுவில் பெரணி இலை போல ஒரு கோலம். சென்சார் அறையில் ஈரக் காற்று புகுந்திருந்தது. ஓ-ரிங் என்னும் ரப்பர் அடைப்பு வளையத்தை மாற்றி, அடுப்பில் காயவைத்த, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லை உள்ளே வைத்து, ஏ.சி. ஓடும் அறையில் ஒரு நண்பகலில் மூடினேன். அந்தத் தொல்லை அத்தோடு தீர்ந்தது.

இனிமேல்தான் விஷயம்.

வானத்தைப் பார்க்கும் முன் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எதையும் அளக்கும் முன் அளவுகோலை அள. மூடியை மாட்டி, வெப்பநிலையைப் படிப்படியாக இறக்கி, ஒரு பிக்சலில் ஒரு விநாடிக்கு எத்தனை எலக்ட்ரான் தானாகச் சேர்கிறது என்று குறித்துக்கொண்டேன். இதுதான் இருட்டு மின்னோட்டம். 20 டிகிரியில் ஏறத்தாழ 40,000. சுழியில் 7,800. −10-இல் 3,700. −20-இல் 1,950. இதுவரை ஒழுங்கு: எட்டு டிகிரி குறைந்தால் பாதியாகக் குறைய வேண்டும், ஓரளவு அப்படியே குறைந்துவந்தது. −28-இல் ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்திருக்க வேண்டும். வந்ததோ 1,325.

பெல்டியர் அதற்கு மேல் அதிகம் முடியாது என்றது. எனக்கோ வெறி. வெப்பம் வெளியேறும் பக்கத்தில் விசிறியைக் கழற்றிவிட்டு, செம்புத் தகடு ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே ஐஸ் தண்ணீரைச் சுற்றவிட்டேன். மீன் கடையில் வாங்கிய ஐஸ் கட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, மீன் தொட்டி மோட்டார். அந்த மார்கழியில் ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு மேலே நண்பர் ஒருவரின் நிலத்துக்குப் போயிருந்தேன். காவலூர் வானாய்வகம் இருக்கும் அதே மலை, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கேதான் இருக்கிறது. நண்பரின் தந்தையார் வாளியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் குளிருக்கு எல்லோரும் கம்பளி கொண்டுவருவார்கள். தம்பி ஐஸ் கொண்டுவந்திருக்கிறீர்கள்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. இன்றும் என்னைப் பார்த்தால் அதைத்தான் நினைப்பார் என்று எண்ணுகிறேன்.

−36 டிகிரி வந்தது. கணக்குப்படி ஐந்நூறுக்குப் பக்கத்தில் வர வேண்டிய இருட்டு மின்னோட்டம் 1,010-இல் நின்றது. எவ்வளவு இறக்கினாலும் அதற்குக் கீழே ஒரு தரை இருந்தது.

படங்களிலும் கோளாறு. மூடியை மாட்டி எடுத்த இருட்டுப் படத்தை வானப் படத்திலிருந்து கழித்தவுடன் வானம் நடுவில் குழிந்து, ஓரத்தில் ஒரு வளையமாக எழும்பியது. சில இடங்களில் எண்கள் சுழிக்குக் கீழே போயின. வானத்தில் ஒளி இருந்ததை விட அதிகமாக எதையோ நான் கழித்துக்கொண்டிருந்தேன். மின்கலத்தின் அழுத்தம் இறங்குகிறதோ என்று புதியது வாங்கினேன். வெப்பநிலை உணரி பொய் சொல்கிறதோ என்று சந்தேகித்தேன். வியாபாரிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதி, நல்லவேளையாக, அனுப்பாமல் வைத்தேன்.

துப்பு கிடைத்தது ஒரு சோம்பலான இரவில். படமெடுத்து முடித்து, சட்டைப் பையில் இருந்த மூடியை எடுத்து மாட்டி, உடனே இருட்டுப் படங்களை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முதல் படத்தில் 1,440 இருந்த எண் கால் மணி நேரத்தில் படிப்படியாக 1,330-க்கு இறங்கியிருந்தது. சென்சார் வெப்பநிலை முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை −28.0. ஒரு புள்ளிகூட அசையவில்லை.

சென்சார் குளிரவில்லை. அப்படியானால் குளிர்ந்தது எது?

சட்டைப் பையில் என் உடம்புச் சூட்டில் கிடந்த மூடி.

உடனே கேமராவைத் தொலைநோக்கியில் செருகும் மூக்குக் குழாயை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். எண் ஏறியது. கையை எடுத்தேன், இறங்கியது. பிறகு ஹீட்டர் பட்டையை அணைத்தேன். அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 450 எலக்ட்ரான் காணாமல் போனது. நான் ஐந்து வாரமாக இருட்டு என்று நினைத்துக் கழித்தது இருட்டே அல்ல. என் கேமரா தன் மூக்கின் உட்சுவரையும் மூடியின் உட்புறத்தையும் படமெடுத்துக்கொண்டிருந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. சூடான எந்தப் பொருளும் கதிர் வீசும். அறை வெப்பநிலைப் பொருள் மிகுதியாக வீசுவது 10 மைக்ரானுக்குப் பக்கத்தில். அதனால் 1.7 மைக்ரானில் முடியும் என் சென்சாருக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேன். 10 மைக்ரானில் மலை போல எழும் அந்தக் கதிர்வீச்சின் வால் இங்கே வரை நீளுகிறது. மிக மெல்லிய வால்தான். ஆனால் பத்து விநாடி திறந்திருந்து, விநாடிக்குச் சில நூறு எலக்ட்ரான்களுக்காகச் சண்டை போடும் கேமராவுக்கு அந்த வால் போதும். அதோடு அந்த வால் வெப்பநிலைக்கு மிகவும் கூசும்: சுற்றுப்புறம் 10 டிகிரி சூடானால் இந்தக் கதிர் இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. சென்சார் என்னவோ −28-இல். அது பார்த்துக்கொண்டிருந்த சுவர்களோ ஹீட்டர் புண்ணியத்தில் 45 டிகிரியில்.

வானியலாளர்கள் ‘குளிரூட்டிய அகச்சிவப்புக் கேமரா’ என்று சொல்வதற்கும் நான் அப்படிச் சொல்வதற்கும் உள்ள இடைவெளி அப்போதுதான் உறைத்தது. எனக்கு சென்சார் மட்டும் குளிர்ந்தால் அது குளிரூட்டிய கேமரா. அவர்களுக்கு சென்சார் கண்ணில் படும் அத்தனையும் குளிர வேண்டும்: வடிகட்டி, லென்ஸ், உட்சுவர், ஒளியைக் கட்டுப்படுத்தும் தடுப்பு எல்லாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டிய ‘டிர்கேம்-2’ கேமரா நைனிடால் அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கியில் பணிபுரிந்திருக்கிறது. 512 × 512 பிக்சல் இண்டியம் ஆண்டிமனைடு சென்சார், ஹீலியம் குளிர்விப்பானால் 35 கெல்வினில் வைத்திருக்கிறார்கள். அதாவது −238 டிகிரி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியிலோ கண்ணாடிகளே 50 கெல்வினை ஒட்டிக் கிடக்கின்றன; அதன் நடு அகச்சிவப்புக் கருவி 7 கெல்வினுக்கும் கீழே. 2.3 மைக்ரான் பக்கம் போனால் என் மூடியின் கனல் ஆயிரக்கணக்கான மடங்கு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இத்தனை செலவு எதற்கு என்று எனக்கிருந்த பழைய சந்தேகம் அகன்றது. ஹபிள் தொலைநோக்கியில் 1997-இல் பொருத்திய ‘நிக்மோஸ்’ கேமராவில்கூட, குளிர்ந்த பாகமும் சற்றுச் சூடான பாகமும் எதிர்பாராமல் தொட்டுக்கொண்டதால் உறைந்த நைட்ரஜன் முழுவதும் 1999 ஜனவரிக்குள் தீர்ந்துபோயிற்று. 2002-இல் விண்வெளி வீரர்கள் போய்க் குளிர்விப்பானை மாட்டித்தான் அதை உயிர்ப்பித்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

சரி, என்ன செய்தேன்?

ஹீட்டர் பட்டையைக் கேமராவின் கழுத்திலிருந்து கழற்றினேன். பனி படிவதைத் தடுக்க, சிலிகா ஜெல் குடுவை வழியாக வரும் உலர்ந்த காற்றைச் சிறு பம்ப் ஒன்றால் கேமராவின் முன் கண்ணாடி மேல் மெதுவாக ஊதவிட்டேன். இதில் சூடு இல்லை. −28-இல் இருட்டு மின்னோட்டம் 1,325-இலிருந்து ஏறத்தாழ 875-க்கு வந்தது. பைசா செலவில்லாத குளிர்விப்பு.

அடுத்து மூடிபோட்ட இருட்டுப் படத்தையே கைவிட்டேன். மூடி எப்போதும் ஒரு வெப்பப் பொருள். வானம் அப்படி அல்ல. மூடியை வைத்து எடுத்ததை வானத்திலிருந்து கழித்தால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே கழியும். அதற்குப் பதில் வானத்தையே வானத்திலிருந்து கழிக்க வேண்டும். விண்மீன் கூட்டமாக இருந்தால் தொலைநோக்கியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை எடுத்தால் விண்மீன்கள் மறைந்து வானமும் கேமராவும் மட்டும் மிஞ்சும். நெபுலாவாக இருந்தால் அரை டிகிரியோ ஒரு டிகிரியோ தள்ளி வெறும் வானத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை செய்தாக வேண்டும், ஏனெனில் இந்த அலைநீளத்தில் வானம் சும்மா இருப்பதில்லை. தலைக்கு மேலே சுமார் 87 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவு முழுவதும் ஒளிர்கின்றன. அந்த ஒளிர்வு அலை அலையாக நகர்ந்து, கால் மணி நேரத்தில் வேறு முகம் காட்டுகிறது. ஒன்பது மணிக்கு எடுத்த வானத்தைப் பத்து மணிப் படத்திலிருந்து கழிப்பது நேற்றைய வானிலை அறிக்கையைப் பார்த்துக் குடை எடுப்பது மாதிரி.

இந்த ஒளிர்வு இன்னொரு மூடநம்பிக்கையையும் உடைத்தது. நான் பயன்படுத்துவது 1,500 நானோமீட்டருக்கு (1.5 மைக்ரான்) மேலானதை மட்டும் விடும் வடிகட்டி. அதன் வழியே ஜவ்வாது மலையில் வானப் பின்னணி ஒரு பிக்சலுக்கு விநாடிக்குச் சுமார் 1,000 எலக்ட்ரான். ஓசூர் மாடியிலும் அளந்தேன். கிட்டத்தட்ட அதே எண்! கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஓசூர் வானம் சாயம் போன வேட்டி. ஆனால் தெருவில் இன்று எரியும் எல்.இ.டி. விளக்குகள் இந்த அலைநீளத்தில் ஏறக்குறைய எதையும் வீசுவதில்லை; மேலே ஒளிரும் ஹைட்ராக்சில் ஊருக்கும் காட்டுக்கும் பொது. முழுநிலவுகூட இங்கே பெரிய எதிரி அல்ல, நிலவொளி இவ்வளவு நீண்ட அலைநீளத்தில் குறைவாகவே சிதறுகிறது. ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் ஐஸ் வாளியோடு பயணம் செய்தது அந்த வகையில் வீண். நண்பர் வீட்டுக் கேழ்வரகுக் களி மட்டும் வீணாகவில்லை.

வானப் பின்னணி 1,000 என்று தெரிந்த பிறகுதான் எவ்வளவு குளிர்விக்க வேண்டும் என்ற கேள்விக்கே விடை இருந்தது. −28-இல் இருட்டு மின்னோட்டம் 875. மொத்தம் 1,875. ஐஸ் வைத்து −36-க்குப் போனால் 560. மொத்தம் 1,560. இரைச்சல் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம் என்பதால், ஐஸ் இல்லாமல் ஒரு மணி நேரம் எடுக்க வேண்டிய படத்தை ஐஸோடு 50 நிமிடத்தில் எடுத்துவிடலாம். லாபம் பத்து நிமிடம். வாளி, குழாய், மோட்டார் எல்லாம் பூட்ட ஆகும் நேரம் அரை மணி. அதோடு குழாயின் வெளிப்புறத்தில் வியர்த்துச் சொட்டும் தண்ணீர் மின் இணைப்புக்குள் இறங்குமோ என்ற பயம் வேறு. வாளியை வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவிட்டேன்.

புதிதாக வருபவர் செய்யும் இன்னொரு தவறையும் நான் செய்திருக்கிறேன்: பெல்டியரை முழு மூச்சில் ஓடவிடுவது. நூற்றுக்கு நூறு வேகத்தில் −31 கிடைக்கும். ஆனால் காற்று சற்று வீசினாலும் நின்றாலும் அது −30, −32 என்று ஊசலாடும். ஒரு டிகிரி ஊசலாட்டம் இருட்டு மின்னோட்டத்தை எட்டு, ஒன்பது விழுக்காடு அசைக்கிறது. பின்னால் எந்தக் கழித்தலும் பொருந்தாது. இப்போது நான் 80, 85 விழுக்காட்டில் நிற்கும் வெப்பநிலையையே வைக்கிறேன். ஜனவரியில் −28, ஏப்ரலில் −20. ஏப்ரல் படங்கள் மோசம்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி மோசம் என்பதால் அவற்றை வைத்து வேலை செய்ய முடிகிறது.

ஒரு படத்தின் நேரத்தைப் பத்து விநாடிக்கு மேல் நீட்டுவதில்லை. என் கேமராவின் வாசிப்பு இரைச்சல், அதாவது படத்தை வாசிக்கும்போது கேமராவே சேர்க்கும் பிழை, 50 எலக்ட்ரான் அளவில். பத்து விநாடியில் வானமும் இருட்டும் தரும் இரைச்சல் சேர்ந்து அதைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் நீட்டினால் பிக்சல் நிரம்புவதுதான் மிச்சம். பத்து விநாடிப் படம் 200 என்றால் தொலைநோக்கி விண்மீனை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் வழிகாட்டிக் கேமராகூட வேண்டாம்.

முதலில் திருப்பியது சிம்மத்துக்கு. மகம் விண்மீனுக்கு மேற்கே ஐந்து டிகிரி தள்ளி ஐ.ஆர்.சி.+10216 என்ற கார்பன் விண்மீன், தன்னைச் சுற்றித் தானே ஊதிய புகையில் புதைந்து கிடக்கிறது. வானியலாளர்கள் நியூகெபாவரும் லெய்ட்டனும் 1969-இல் வெளியிட்ட இரண்டு மைக்ரான் வான அட்டவணையில் இடம்பெற்றது. என் சிலிக்கான் கேமராவில் அது ஊசி முனை. இருக்கிறது என்று தெரிந்து தேடினால்தான் கிடைக்கும். 1,500 நானோமீட்டர் வடிகட்டியில் ஒரு விநாடிப் படம் எடுத்தேன். பிக்சல் நிரம்பி வழிந்து பக்கத்தில் கொட்டியது. நேரத்தைக் குறைத்துக் குறைத்து விநாடியின் நூறில் ஒரு பங்குக்குப் பக்கம் போக வேண்டியதாயிற்று. அதே படச்சட்டத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதைவிடப் பிரகாசமான மற்ற விண்மீன்கள் அதற்கு முன் கூனிக் குறுகி நின்றன.

பிறகு ஓரியன். இந்த அலைநீளத்தில் இரவு வானின் மிக ஒளிமிக்க விண்மீன்களின் வரிசையில் சிரியஸ் பின்னுக்குப் போய்விட, திருவாதிரை முன்னால் வந்து நிற்கிறது. நான் தேடியது அதற்குக் கீழே, ஓரியனின் இடுப்பு வாரில் கிழக்குக் கோடியில் இருக்கும் அல்நிடாக் பக்கத்துத் தீச்சுடர் நெபுலா. சாதாரணப் படங்களில் அதன் நடுவே மரக்கிளை போல ஒரு கறுப்புத் தூசுத் தண்டு ஓடும். அந்தத் தண்டைப் பத்து ஆண்டுகளாகப் பல முறை எடுத்திருக்கிறேன். பிப்ரவரியில் ஓர் இரவு, நிலவு பெரிதாக இருந்தபோது, ஓசூர் மாடியிலிருந்து பத்து விநாடிப் படங்கள் 240. ஒவ்வொரு பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு டிகிரி தள்ளி வானம்.

வானத்தைக் கழித்துச் சேர்த்தபோது நெபுலா ஏறக்குறையக் காணாமல் போயிருந்தது. கறுப்புத் தண்டும் இல்லை. அது இருந்த இடத்தில் விண்மீன்கள், பொரியை அள்ளி இறைத்த மாதிரி. மறுநாள் காலை அச்செடுத்து, பேனாவால் புள்ளி வைத்து எண்ணிப் பார்த்தேன். செத்த பிக்சல் எதுவும் கலந்திருக்கக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் 2மாஸ் என்னும் அகச்சிவப்பு விண்மீன் அட்டவணையோடு ஒத்துப் பார்த்தேன். 63 நின்றன. பழைய படத்தில் அதே இடத்தில் ஒன்றுகூட இல்லை.

மூடி இப்போது மேசை இழுப்பறையில் இருக்கிறது. தூசு விழாமல் பகலில் மட்டும் மாட்டுகிறேன்.